இடம் மாறிப் பிறக்கும் நாடிகள்

உண்ணும்போது விக்கல் எடுத்தால், தொலைவில் இருக்கும் உறவினர் யாரோ நினைக்கிறார் என்று பெரியோர் சொல்வது வழக்கம். நினைப்பவர் யாராயினும் ஆகுக. அவ்வேளையில் உடலினுள்ளே திடுமெனச் சுருங்கி இழுபடுவது ஒரு தசைத்தகடு. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே, கவிழ்த்த கிண்ணம்போல் வளைந்து கிடப்பது அது. ஈழத்துப் பாடநூல்கள் அதனைப் பிரிமென்றகடு என்று வழங்குகின்றன. தமிழகத்தார் உதரவிதானம் என்பர். முன்னைய பெயர் அதன் தொழிலைக் கூறுகிறது: இரு அறைகளையும் பிரித்து நிற்கும் மெல்லிய தகடு. பின்னையது அதன் தோற்றத்தைக் கூறுகிறது: வயிற்றுக்கு மேலே கட்டிய மேற்கட்டி. ஒரே பொருளுக்கு இரு பெயர் இருப்பது மாணவரை மயக்கும் என்று குறைகூறுவோர் உளர். ஆனால் இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவனுக்கு அவ்வுறுப்பின் பாதி இலக்கணம் பெயரிலேயே விளங்கிவிடும் என்பதையும் மறுப்பதற்கில்லை. அவ்வாறே, இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாயை ஈழத்தார் நாடி என்பர், தமிழகத்தார் தமனி என்பர். இங்கே நாடி என்றே கொள்வோம்.

பிரிமென்றகடு சுருங்கும்போது கீழிறங்குகிறது, நெஞ்சறை விரிகிறது, காற்று உள்ளே வருகிறது. தளரும்போது மேலெழுகிறது, காற்று வெளியேறுகிறது. அமைதியாக இருக்கும் ஒருவரிடத்தில் இவ்வசைவு ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் அளவே. நிமிடத்துக்கு 15 மூச்சு என்று கணக்கிட்டால், ஒரு நாளைக்கு 21,600 மூச்சு ஆகும். நம் பழைய யோக நூலார் கூறிப்போந்த தொகையும் இதுவே. நித்திரையிலும் ஓய்வு பெறாத இத்தசை, இருதயத்துக்கு அடுத்தபடி உழைப்பது எனலாம். தீவகக் கடலிலே சங்கு குளிப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு அடித்தரையைத் துழாவும்போது, இனிப் பொறுக்க இயலாது என்று அவரை மேலே உந்துவதிலும் இத்தகட்டின் துடிப்புக்குப் பங்கு உண்டு.

இத்துணை உழைக்கும் தசைக்குக் குருதி வேண்டும். மேற்புறத்திலிருந்து சில சிறு கிளைகள் வருகின்றன. அவற்றைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெரும்பகுதிக் குருதியைக் கொடுப்பவை கீழ்ப்புறத்திலிருந்து ஏறும் இரண்டு நாடிகள்: வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. பிரிமென்றகட்டின் கீழ்நாடிகள் என்று இவற்றைக் குறிப்பர். தடிப்பிலே இவை மிகச் சிறியன. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் நாடிகளுக்கு அருகே வைத்துப் பார்த்தால், பெரிய வாய்க்காலின் பக்கத்தே ஓடும் நீர்க்கோடு போலத் தோன்றும். வலப்புறத்து நாடி கீழ்ப்பெருநாளத்தின் பின்புறமாகவும், இடப்புறத்து நாடி உணவுக்குழாயின் பின்புறமாகவும் சென்று, ஒவ்வொன்றும் இரு கிளைகளாகப் பிரிந்து தகட்டின் அடிப்புறத்திலே பரவும். போகும் வழியில் சிறுநீரகத்தின்மேல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிக்கும், உணவுக்குழாயின் கீழ்நுனிக்கும், ஈரலின் மேற்போர்வைக்கும் நுண்கிளைகளை ஈந்து செல்லும்.

இவை புறப்படும் இடம் எது என்பதுதான் வினா.

இலண்டன் உடற்கூற்று ஆசிரியராகிய ஹென்றி கிறே 1858இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் மருத்துவ மாணவர் கையில் உலவுகிறது. அந்நூல் இச்சிறு நாடிகளைப் பற்றிப் பேசும்போதே, இவற்றின் பிறப்பிடம் ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடும் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே செல்கிறது. இரண்டும் தனித்தனியே பெருநாடியிலிருந்து எழலாம்; ஒரே அடியிலிருந்து எழுந்து பின் பிரியலாம்; ஒன்று பெருநாடியிலும் மற்றது சிறுநீரக நாடியிலும் பிறக்கலாம் என்பது அந்நூலின் செய்தி. இந்நூல் தமிழுக்கு வந்த வரலாறு யாழ்ப்பாணத்துக்குரியது. அமெரிக்க மிஷனைச் சார்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப்பணியைத் தொடங்கினார். தம் மாணவருக்கு முதலில் ஆங்கிலத்தில் போதித்த அவர், 1860களில் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் தலைப்பட்டார். அதற்கு நூல்கள் வேண்டுமே. மாணவரைத் துணைக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக மொழிபெயர்த்தார். கிறேயின் நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயரோடு தமிழாக வெளிவந்தது. ஊர்ப்புறத்து நோயாளரிடம் ஆங்கில வைத்தியன் எவனும் செல்லாத காலத்தில், தமிழ் கற்ற வைத்தியன் செல்லவேண்டும் என்பது கிறீனின் நோக்கம். தீவுகளுக்கும் சிற்றூர்களுக்கும் வைத்தியம் எட்டவேண்டும் என்ற கவலை அன்றே ஒருவருக்கு இருந்தது என்பதற்காகவேனும் அம்முயற்சி நினைக்கத்தக்கது.

ஆயினும், இந்நாடிகளின் பிறப்பிடம் மாறுபடும் என்ற அறிவினால் அக்காலத்து வைத்தியர் ஒருவருக்கு விளைந்த பயன் என்ன? உண்மையைச் சொன்னால், ஒன்றுமில்லை எனலாம். உயிருள்ளவரின் உடலினுள்ளே இந்நாடி எங்கிருந்து புறப்படுகிறது என்று காண அன்று வழியில்லை. கண்டாலும் அதனுட் புகுந்து செய்யத்தக்க சிகிச்சை எதுவும் இல்லை. அறுத்துப் படிக்கும் மேசையிலே மாணவர் கண்டு வியந்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் செய்தியாகவே இது நெடுங்காலம் கிடந்தது. பாடநூல்களில் "பெரும்பாலும்" என்றொரு சொல் வரும். அதனை விரைந்து கடந்து, அடுத்து வரும் விதியை மட்டும் நெட்டுருச் செய்வது மாணவர் வழக்கம். இந்நாடிகளைப் பொறுத்தவரையில் அந்தச் சொல்லிலேதான் முழுச் செய்தியும் அடங்கியிருந்தது.

அந்நிலை மாறியது இருபதாம் நூற்றாண்டில். லிஸ்பன் நகரத்து வைத்தியர் றெய்னால்டோ டொஸ் சாந்தோஸ் 1929இல், எக்ஸ்-கதிருக்குப் புலனாகும் மருந்தைப் பெருநாடியினுள்ளே செலுத்தி அதன் கிளைகளைப் படமெடுத்துக் காட்டினார். 1953இல் சுவீடன் தேசத்துச் செல்டிங்கர், ஊசித்துளை வழியாக மெல்லிய கம்பியை நாடிக்குள் விட்டு, அக்கம்பியின்மேல் நுண்குழாயைச் செலுத்தும் எளிய முறையை வெளியிட்டார். அரையிடுக்கில் ஓடும் நாடியில் ஒரு சிறு துளை. அதன் வழியே கதீற்றர் எனப்படும் நுண்குழாய். அதனைப் பெருநாடியினூடே மேலே செலுத்தி, வேண்டிய கிளையின் வாயிலில் நுனியைப் பொருத்திவிட்டால், அக்கிளை செல்லுமிடமெல்லாம் திரையிலே தெரியும். 1967இல் பிரிமென்றகட்டின் கீழ்நாடிகளையே தனித்தெடுத்துப் படம்பிடித்த ஆய்வு ஒன்று கதிரியல் ஏட்டில் வெளியாயிற்று. அதுவரை அறுவை மேசையோடு நின்ற அறிவு, உயிருள்ளவரின் உடலுக்குள் இவ்வாறு புகுந்தது.

இனி, பிறப்பிடங்கள் எவையென்று நோக்குவோம். வயிற்றறைக்குள் பெருநாடி இறங்கியவுடன் அதன் முன்புறத்தில் குட்டையான தண்டு ஒன்று முளைத்து, இரைப்பைக்கும் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் மூன்று கவர்களை விடுகிறது. முக்கவர்த் தண்டு என்று இங்கே அதனைக் குறிப்போம். அதற்குச் சற்றுக் கீழே, இரு பக்கங்களிலும் சிறுநீரக நாடிகள் பிரிகின்றன. 300 உடல்களை அறுத்து ஆராய்ந்து 2005இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, வலப்புறத்துக் கீழ்நாடி 100க்கு 40 பேரில் முக்கவர்த் தண்டிலிருந்தும், 38 பேரில் நேரே பெருநாடியிலிருந்தும், 17 பேரில் சிறுநீரக நாடியிலிருந்தும் பிறந்தது. எஞ்சிய சிலரில் இடது இரைப்பை நாடியிலிருந்தோ ஈரல் நாடியிலிருந்தோ எழுந்தது. இடப்புறத்து நாடியில் சிறுநீரகப் பிறப்பு 100க்கு 5 என்ற அளவில் குறைந்து, முக்கவர்த் தண்டும் பெருநாடியும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. வேறு ஆய்வுகளில் சிறுநீரகப் பிறப்பு இன்னும் குறைவாகவே வந்துள்ளது. ஆராய்ந்த உடல்களுக்கும் கையாண்ட முறைக்கும் ஏற்ப எண்கள் ஏறியிறங்கும். ஆனால் மேற்சொன்ன 300 உடல்களின் ஆய்வில், இதுதான் இயல்பு, மற்றவை விதிவிலக்கு என்று சொல்லத்தக்க பெரும்பான்மை எதற்கும் கிட்டவில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குச் செல்லும் படகொன்றில் 30 பேர் ஏறியிருக்கிறார்கள் என்று கொள்வோம். மேற்சொன்ன கணக்கு அவர்களுக்கும் பொருந்துமாயின், ஐவருக்கு வலப்புறத்து நாடி சிறுநீரகத்தின் பக்கத்திலிருந்து புறப்படுகிறது. அவர்களைப் பார்த்து யாரும் அறியமுடியாது, அவர்களுக்கும் தெரியாது. எக்குறையும் அதனால் இல்லை. இது நோயன்று, பிறவிக் கோளாறுமன்று. ஒருவர் கையெழுத்து மற்றவர் கையெழுத்துப்போல் இராமை எப்படியோ, அப்படி.

ஏன் இவ்வாறு ஆகிறது? கருவிலே உடல் உருவாகும்போது பெருநாடியின் இருமருங்கிலும் ஏணிப்படிகள்போல் எண்ணிறந்த சிறு நாடிகள் முதலில் தோன்றுகின்றன. உறுப்புகள் வளர்ந்து இடம் பெயர்கையில், இவற்றுட் சில நிலைத்துத் தடிக்கின்றன. பல சுருங்கி மறைகின்றன. பக்கவாட்டுப் படிகளின் ஒரு கூட்டமே சிறுநீரகத்துக்கும் அதிரீனல் சுரப்பிக்கும் பிரிமென்றகட்டுக்கும் குருதி தருவது. ஒரே கூட்டத்திற் பிறந்த உறவினர் ஆதலின், எந்தப் படி நிலைத்தது, எது மறைந்தது என்பதைப் பொறுத்துக் கீழ்நாடியின் பிறப்பிடம் அமைகிறது. சிறுநீரக நாடியிலிருந்து அது எழுவது புதுமை போலத் தோன்றினும், கருவின் வரலாற்றை அறிந்தவருக்கு வியப்பில்லை. பிரிமென்றகடே கருவில் கழுத்துப் பக்கத்தில் தோன்றிப் பின்னர்க் கீழிறங்குவது என்பதும் இங்கு அறியத்தக்கது. அதனை இயக்கும் நரம்பு இன்றும் கழுத்திலிருந்துதான் வருகிறது. அதனாற்றான் தகட்டிலே உண்டாகும் நோவு தோள்மூட்டிலே உணரப்படுகிறது. தோள் நோகிறது என்று எண்ணெய் தடவிக்கொண்டிருப்பவரின் உண்மை நோய், சில வேளைகளில், ஈரலுக்கு மேலே இருக்கக்கூடும்.

இப்பொழுது ஈரற் புற்றுநோயைக் கொள்வோம். இந்நாடிகளுக்குப் பெருமை தேடித் தந்தது அந்நோயே என்பது ஒரு கொடிய உண்மை. இலங்கையில் ஈரல் கெட்டு இறுகிப் பின் அதிலே புற்றுநோய் தோன்றுவோர், பெரும்பாலும் கொழுப்புப் படிந்த ஈரலினாலோ மதுவினாலோ அந்நிலையை அடைகிறார்கள். வேறு ஆசிய நாடுகள் பலவற்றிற்போல மஞ்சட்காமாலைக் கிருமிகள் இங்கே முதற்காரணமாக இல்லை. நீரிழிவும் உடற்பருமனும் பெருகிவரும் நாட்டில், குடிப்பழக்கமே இல்லாதவருக்கும் இந்நோய் வருகிறது. கட்டி சிறியதாயின் அறுத்து எடுக்கலாம். சிலருக்கு ஈரல் மாற்றலாம். அவ்விரண்டுக்கும் இடமில்லாதவர் பலர். அவர்களுக்காக ஏற்பட்டதே நாடி வழியாகக் கட்டியைப் பட்டினி போடும் சிகிச்சை.

இதன் அடிப்படை எளியது. நல்ல ஈரல் தனக்கு வேண்டிய குருதியில் முக்காற்பங்கைக் குடலிலிருந்து வரும் வாயில்நாளத்தின் வழியாகவும், காற்பங்கையே ஈரல் நாடியின் வழியாகவும் பெறுகிறது. புற்றுக்கட்டியோ ஏறத்தாழ முழுவதையும் நாடியிலிருந்தே உறிஞ்சுகிறது. ஆகவே கட்டிக்குச் செல்லும் நாடிக்கிளையைத் தேடிப்பிடித்து, புற்றைக் கொல்லும் மருந்தை அதனுள் விட்டு, பின் நுண்துகள்களால் அதனை அடைத்துவிட்டால், கட்டி வாடும். நல்ல ஈரல் வாயில்நாளத்தின் துணையால் பிழைத்துக்கொள்ளும். 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் ஜப்பானிய வைத்தியர் இம்முறையை வளர்த்தெடுத்தனர். தக்க நோயாளரில் இது ஆயுளை நீட்டுகிறது என்பதை 2002இல் பார்சலோனாவிலும் ஹொங்கொங்கிலும் நிகழ்ந்த இரண்டு ஒப்பீட்டு ஆய்வுகள் நிறுவின.

ஆனால் கட்டியும் எளிதில் ஓய்வதில்லை. அனலைதீவில் புகையிலை பயிரிடும் தோட்டங்கள் உண்டு. கிணற்று நீரை வாய்க்காலில் ஓடவிட்டுப் பாத்திக்குப் பாத்தி மடை திறந்து கட்டுவது அங்குள்ளோர் நன்கறிந்த தொழில். ஒரு பாத்தியிலே வேண்டாத களை மண்டிவிட்டதென்று, அதனைக் காயவிடுவதற்காக மடையைக் கட்டுகிறார் ஒருவர். சில நாட்கள் கழித்துப் பார்த்தால் களை வாடவில்லை. மடை கட்டியபடியே இருக்கிறது. வரம்புக்கு அப்பாலுள்ள அயல் தோட்டத்து வாய்க்காலிலிருந்து ஊறிவரும் நீரை அது குடித்துக்கொண்டிருக்கிறது. தம் மடையைத் திரும்பத் திரும்பக் கட்டுவதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அயலிலிருந்து வரும் ஊற்றைக் கண்டுபிடிக்கவேண்டும்.

ஈரலுக்கு அந்த அயல் வாய்க்கால், வலப்புறத்துப் பிரிமென்றகட்டுக் கீழ்நாடி. ஈரலின் வலப்பாகத்துப் பின்மேற்புறத்தில், போர்வைச் சவ்வு இல்லாமல் நேரே பிரிமென்றகட்டோடு ஒட்டிக்கிடக்கும் பகுதி ஒன்று உண்டு. அங்கே வளரும் கட்டி, ஒட்டியிருக்கும் தகட்டின் நாடியிலிருந்து எளிதிற் கிளை வாங்கிக்கொள்ளும். ஈரல் நாடியை முன்பு பலமுறை அடைத்தவரிடத்தில் இது இன்னும் மிகுதி. ஈரலுக்கு வெளியே இருந்து புற்றுக்கட்டிக்கு உணவூட்டும் நாடிகள் பல உண்டாயினும், அவற்றுள் முதன்மையானது இதுவே என்பது உலகெங்கும் இச்சிகிச்சை செய்வோர் ஒருமுகமாகக் கண்ட உண்மை.

அனலைதீவிலிருந்து ஒருவர் இச்சிகிச்சைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வடக்கே எழுவைதீவும் தெற்கே நயினாதீவும் கடலிற் கிடக்க, கிழக்கே ஊர்காவற்றுறைக்குப் படகேற வேண்டும். சோளகம் பலமாக வீசும் நாட்களில் அப்பயணமே நோயாளருக்குப் பெரும்பாடு. கரையேறியபின் வேலணை, அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம்; அங்கே போதனா வைத்தியசாலை. மேற்சிகிச்சைக்குக் கொழும்புப் பக்கம் செல்லவேண்டுமாயின் அதற்கப்பால் ஓர் இரவு முழுவதும் தரைவழி. கூடவே உறவினர் ஒருவர்; தங்குமிடம்; தோட்ட வேலையைப் பார்க்க அயலவரிடம் கெஞ்சுதல். இத்தனைக்கும் பின் கதீற்றரைச் செலுத்தும் வைத்தியர் ஈரல் நாடியை மட்டும் பார்த்து, அடைத்து, அனுப்பிவிடுகிறார். சில வாரங்கள் கழித்து எடுத்த படத்திலே கட்டியின் ஓரம் ஒன்று மருந்து படியாமல் உயிரோடு நிற்கிறது. குருதியிலே புற்றைக் காட்டும் அளவும் இறங்கவில்லை. மறுபடியும் படகு, மறுபடியும் தாம்போதி, மறுபடியும் அந்த இரவுப் பயணம். ஒரு நகரத்தவருக்கு இரண்டாம் முறை என்பது இன்னொரு நாள் விடுமுறை. தீவிலிருப்பவருக்கு அது சிலவேளை வராமலே போகும் நாள்.

இதைத் தவிர்க்க அவ்வைத்தியர் செய்யவேண்டியது என்ன? மருந்து படியாத ஓரம் பிரிமென்றகட்டை ஒட்டியிருந்தால், கீழ்நாடியைத் தேடவேண்டும். முதலில் முக்கவர்த் தண்டின் வாயில். அங்கே இல்லையாயின் பெருநாடியின் முன்புறம். அங்கும் இல்லையாயின் சிறுநீரக நாடிகள். பின் இடது இரைப்பை நாடி. முதல் இரண்டு இடங்களிலும் காணாமையால் இந்நோயாளருக்கு அந்நாடி இல்லை என்று முடிவு செய்து கதீற்றரை வெளியே எடுத்தவர், மேற்கூறிய கணக்கின்படி வலப்புறத்தில் 100க்கு 22 பேரிடத்தில் தவறியிருப்பார். நாடி இல்லாமற் போவதில்லை, வேறிடத்தில் இருக்கிறது. இக்காலத்தில் கண்மூடித் தேடவேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. சிகிச்சைக்கு முன்னரே, குருதிக்குழாய்களைக் காட்டும் மருந்தை நாளத்தில் ஏற்றி எடுக்கும் சீ.ரி. ஸ்கான் படத்தைப் பொறுமையுடன் தட்டுத்தட்டாகப் பார்த்தால், இந்நாடி எங்கே பிறக்கிறது, எத்துணைத் தடித்திருக்கிறது என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். மறுபுறத்து நாடியைவிட இது வெகுவாகத் தடித்திருந்தால், கட்டி இதனிடம் கடன் வாங்குகிறது என்பதற்கு அதுவே சான்று. பொறுமைதான் இங்கே அரிய பொருள். நெரிசல் மிகுந்த வைத்தியசாலையிலே ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதை அறிந்தவர், வைத்தியரை மட்டும் குறைகூற முன்வரார்.

ஈரல் ஒன்றோடு இச்செய்தி முடிவதில்லை. காசநோயினாலோ வேறு நாட்பட்ட நோயினாலோ நுரையீரல் புண்பட்டவர் இருமும்போது குருதி கொப்பளிக்கும். வழக்கமாக அக்குருதி மூச்சுக்குழாயோடு செல்லும் நாடிகளிலிருந்து வருவது. அவற்றை அடைத்தால் நிற்கும். ஆனால் நுரையீரலின் அடிப்பாகம் புண்பட்டுப் பிரிமென்றகட்டோடு ஒட்டிவிட்டால், கீழ்நாடி தகட்டை ஊடுருவி மேலே கிளைவிடுகிறது. அதனை எண்ணாமல் மேலுள்ள நாடிகளை மட்டும் அடைத்தவருக்குக் குருதி நின்றதுபோல் நின்று, மறுபடியும் வரும். உணவுக்குழாயும் இரைப்பையும் கூடுமிடத்திலே கடும் வாந்தியினால் கிழிசல் உண்டாகி ஒழுகும் குருதியும் அவ்வாறே: இடது இரைப்பை நாடியை அடைத்தும் நிற்காவிடின், இடப்புறத்துக் கீழ்நாடி உணவுக்குழாய்க்கு விடும் கிளையைப் பார்க்கவேண்டும்.

சத்திரசிகிச்சை செய்வோருக்கும் இதிற் பங்குண்டு. ஒருவர் தம் சிறுநீரகத்தை உறவினருக்குத் தானமாகக் கொடுக்கும்போது, அதன் நாடியிலிருந்து பிரிமென்றகட்டுக்கும் அதிரீனல் சுரப்பிக்கும் கிளை செல்கிறதா என்பதை முன்னறிந்திருந்தால், அக்கிளையைக் கட்டி வெட்டுவார். அறியாதிருந்தால், வெட்டியபின் குருதி பீறிடுவதைக் கண்டு திகைப்பார். இரைப்பைப் புற்றுக்காக இடது இரைப்பை நாடியைக் கட்டுபவர், கீழ்நாடி அதிலிருந்து பிறக்கும் அரிய நோயாளரில் இரண்டையும் ஒருங்கே கட்டிவிடக்கூடும்.

கீழ்நாடியை அடைப்பதும் கேடில்லாத செயலன்று. தசைக்குச் செல்லும் குருதி குறைவதால், சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் தோள் நோவும். விக்கல் வரலாம். நுரையீரலின் அடிப்புறத்தில் நீர் கோத்து மூச்சு மந்தமாகலாம். சிலரில் தகட்டின் அப்பகுதி சிறிது காலம் சோர்ந்து நிற்கும். அதிரீனல் சுரப்பிக்குச் செல்லும் கிளைக்குள் மருந்து தவறிச் செல்லாதவாறு கதீற்றரின் நுனியை அதற்கப்பால் கொண்டுசெல்லவேண்டும். இத்தொல்லைகள் பெரும்பாலும் தாமே தணிவன. ஆயினும் நோயாளருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நன்று. சொல்லாவிடின், வீடு திரும்பி மூன்றாம் நாள் தோள் வலிக்கும்போது, அது புது நோயென்று அஞ்சுவார்; தீவிலே அவ்வச்சத்தைத் தீர்க்க இரவிலே படகு கிடைப்பது அரிது.

இவ்வறிவெல்லாம் எங்கிருந்து வந்தது என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும். மேற்சொன்ன 300 உடல்களும் ஒரு காலத்தில் நடமாடிய 300 மனிதர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் மருத்துவபீடம் தொடங்கியபின் அங்கு பயில்வோரும், தம் உடலைத் தானமாக எழுதிவைத்த முதியோரின் உடல்களிலேதான் நாடிகளை முதலில் காண்கிறார்கள். தகனமும் சாம்பல் கரைப்பும் தவறாது செய்யும் சமூகத்தில் அவ்வாறு எழுதிக்கொடுப்பது எளிய தீர்மானமன்று. நாடி எதிர்பார்த்த இடத்தில் இல்லாத உடலைக் கண்ட மாணவன், அதனைப் பாடநூலுக்கு மாறானது என்று ஒதுக்காமல் வரைந்து குறித்துவைப்பானாயின், அத்தானத்துக்கு அதுவே தக்க மதிப்பு.

நோயாளரும் உறவினரும் செய்யத்தக்க ஒன்றும் இதிலே உண்டு. ஒருவருடைய நாடிகளின் அமைப்பு வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் ஒன்றே. முதன்முறை எடுத்த சீ.ரி. ஸ்கான் படமும், கதீற்றர் செலுத்தியபோது எழுதிய அறிக்கையும், அவருடைய உடலுக்கு மட்டும் உரிய வரைபடம். அடுத்த வைத்தியர் எந்த ஊரிலிருந்தாலும், அவ்வறிக்கையில் "வலப்புறக் கீழ்நாடி சிறுநீரக நாடியிலிருந்து பிறக்கிறது" என்ற ஒரு வரி இருந்தால், தேடும் நேரமும் செலுத்தும் மருந்தும் குறையும். ஆனால் படகிலே ஏறும் அவசரத்தில் முதலில் மறக்கப்படுவது அந்தக் கடிதவுறைதான். மழைநீரும் கடல்நீரும் படாதபடி பொலித்தீன் பையிலே சுற்றி, அடையாள அட்டையோடும் கிளினிக் கொப்பியோடும் சேர்த்து, வீட்டில் எல்லோரும் அறிந்த ஓரிடத்தில் அதனை வைத்திருத்தல் வேண்டும். படங்கள் இறுவட்டில் இருந்தால், அச்சிட்ட அறிக்கை ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இறுவட்டைத் திறக்க இயலாத இடத்திலும் தாளைப் படிக்க இயலும்.